இருபது வந்ததும் நிறுத்து

எங்கள் மகள் போன அடுத்த கோடையில், என்னைக் கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லி மெட்ராஸ் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். தொழிற்சாலைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் புகைபோக்கி, அந்தப் பக்கம் வேலிகாத்தான் முள். இனிமேல் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடப்போகிறார்களாம், அதற்கு உள்ளாட்களிலேயே ஒருவர் வேண்டுமாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி இல்லை. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னபோது சரி என்றேன். எதைச் சொல்லியிருந்தாலும் அந்த நாட்களில் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெட்ராசில் வகுப்பு. காலை பாசஞ்சரில் போய், சாயங்காலம் திரும்ப வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. படிப்பு இல்லை, ரயில்.

என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஐப்பசி மழையில் ஊரே தண்ணீரில் மிதந்த வாரம் வாந்தியும் பேதியும் வந்தது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டார், மறுநாள் காலை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ரோடு உடைந்து பஸ் ஓடவில்லை. ரயிலில் கிளம்பினோம். பொன்னேரியில் வண்டி நெடுநேரம் நின்றது. மீஞ்சூர் வந்தபோது இனி மெட்ராஸ் போக வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அங்கேயே இறங்கி, எதிர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தோம். அவளை என் மனைவி மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "கொயந்த நல்லா தூங்குது" என்றார்.

கும்மிடிப்பூண்டி ஏரிக்கரையில் சிறு பிள்ளைகளைப் புதைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோனோம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. சண்டை இல்லை. "சாப்புடு", "தண்ணி வந்துச்சா", "கதவ சாத்து", அவ்வளவுதான். என் மனைவி என் மாமன் மகள். இரண்டு குடும்பமும் பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டுப் பிழைத்தவை. அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து அவளைத் தெரியும். படகில் ஏறினால் கரை சேரும்வரை வாய் ஓயாமல் பேசுபவள். அப்படிப்பட்டவள் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, அடுப்பு அணைந்த பிறகும் எழுந்திருக்காமல் இருப்பாள். அவளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் பாப்பாவைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் வகுப்பு முடிந்து வந்த மாலை, அவளாக ஒரு கேள்வி கேட்டாள். பல மாதங்களில் முதல் தடவை.

"இன்னா படிப்பு அது?"

"கோபால்."

"கோபாலா? யாரு அது, வாத்தியாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பயமாகவும் இருந்தது, இந்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று. "வாத்தியார் இல்ல. மெஷினாண்ட பேசுற பாஷைக்கு அந்தப் பேரு" என்றேன்.

"மெஷினுக்குக் காது கீதா?"

"காது இல்ல. அட்டையில ஓட்டை போட்டுக் குடுக்கணும். அது படிச்சிக்கும்."

அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். நானும் சொன்னேன். மெஷின் என்று ஒன்றை நான் அன்று பார்க்கவே இல்லை. வகுப்பில் இருந்தது கரும்பலகையும் எங்களைவிட இளையவரான ஒரு வாத்தியாரும்தான். "மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்வதை மட்டும் செய்யும், சொன்ன வரிசையில் செய்யும், சொல்லாததைச் செய்யாது. வீட்டில் யாரையாவது மெஷினாக உட்காரவைத்துப் பழகுங்கள்" என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

அப்படித்தான் அவள் மெஷின் ஆனாள்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டுத் தரையில் உட்காருவோம். நாலைந்து தம்ளர்களைக் கவிழ்க்காமல் வரிசையாக வைப்பாள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீசால் ஒரு பெயர் எழுதுவேன். தம்ளருக்குள் ஒரு துண்டுத்தாள், தாளில் ஒரு எண். மெஷினின் ஞாபகம் என்பது இவ்வளவுதான், பெயர் எழுதிய தம்ளர்கள். ஒரு தம்ளரில் ஒரு தாளுக்குத்தான் இடம். கட்டளைகளைத் தமிழில் ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுப்பேன். அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வரி மேல் வைத்துக்கொண்டு, சொன்னதைச் செய்துகொண்டே போவாள்.

"கூட்டுத்தொகை" என்ற தம்ளரில் முதலில் எதையும் போடாமல் ஒரு நாள் கணக்கை ஆரம்பித்துவிட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் நிக்கற?"

"இதுல ஒண்ணுமே இல்லியே. எதோட கூட்டறது?"

"ஒண்ணும் இல்லேன்னா சைபர்தான?"

"நீ சைபர்னு சொன்னியா? சொல்லாதத்த செய்யக் கூடாதுன்னு நீதான சொன்ன."

அடுத்த ஞாயிறு இதையேதான் வாத்தியார் ஒரு மணி நேரம் விளக்கினார்.

"மூவ்" என்ற கட்டளையில்தான் அவளுக்குப் பெரிய வழக்கு. ஒரு தம்ளரில் இருப்பதை இன்னொன்றுக்கு மூவ் செய் என்றால், தாளை எடுத்து அதில் போட்டுவிட்டு இதைக் காலி செய்தாள். அப்படி இல்லை, பார்த்து எழுதி அங்கே ஒன்று போட வேண்டும், இங்கே இருப்பது இங்கேயே இருக்கும் என்றேன்.

"நவுத்துனா எப்படி இங்கயும் இருக்கும்? ஊட்ட மாத்திக்கினு போனா பழைய ஊட்லயும் இருப்பாங்களா?"

"இந்த பாஷையில அப்படித்தான்."

"அங்க ஏற்கெனவே வேற ஒண்ணு இருந்தா?"

"அது போய்டும்."

"எங்க போவும்?"

"எங்கயும் போவாது. அழிஞ்சிடும். புதுசு வந்தா பழசு இருக்காது."

அவள் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் எழுந்து போய்விட்டாள். நான் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம்தான் என் அத்தை, இன்னொரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

மறுநாள் நான் வருவதற்குள் தம்ளர்களை அவளே எடுத்து வைத்திருந்தாள். "ரெண்டுத்துல கீறத்த மாத்தி மாத்தி வைக்கணும், எதுவும் அழியக் கூடாது. முடியுமா உன்னால?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் மூன்றாவது தம்ளர் ஒன்றை நகர்த்தினாள். பாலையும் மோரையும் பாத்திரம் மாற்ற வேண்டுமானால் நடுவில் ஒரு காலிப் பாத்திரம் வேண்டாமா என்றாள். வகுப்பில் அந்தப் பயிற்சி இன்னும் வரவே இல்லை.

இப்படியே வைகாசி, ஆனி போனது. மூன்று எண்களில் பெரியது எது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா, ஓவர்டைம் செய்தவனுக்குக் கூலி எப்படி என்று சின்னச் சின்னக் கணக்குகள். அவள் பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் கணக்கைப் பற்றி மட்டும். தாள்களைப் பொறுக்கி வைத்ததும் பழையபடி "சாப்புடு", "கதவ சாத்து". நானும் அதற்கு மேல் போகவில்லை. இவ்வளவாவது கிடைத்ததே என்று இருந்தேன்.

திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்த ஞாயிறு, வாத்தியார் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு குழந்தை பிறந்த வருடம் கொடுக்கப்படும். வயது ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வருடத்தையும் அந்த வருடத்தின் வயதையும் அச்சிடு. இருபது வந்ததும் நிறுத்து. வாத்தியாருக்கு என் கதை எதுவும் தெரியாது. நாற்பது பேர் இருந்த வகுப்பில் எல்லோரையும் போல நானும் குறித்துக்கொண்டேன். பென்சில் இரண்டு தடவை முனை உடைந்தது.

அந்தத் தாளை அவளுக்குக் காட்டக் கூடாது என்று பைக்குள் வைத்தேன். அந்த வாரம் முழுவதும் வேலை அதிகம் என்று சொல்லிப் பயிற்சியைத் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது என் பை கொடியிலிருந்து இறங்கியிருந்தது. துவைக்க எடுத்திருக்கிறாள். தாள் தரையில் விரித்திருந்தது. பக்கத்தில் மூன்று தம்ளர்கள். ஒன்றில் "வருசம்", ஒன்றில் "வயசு" என்று அவள் கையெழுத்து. மூன்றாவதில் பாப்பா பிறந்த வருடம் எழுதிய தாள்.

"வா, மாமா. உக்காரு. இத்த செய்யலியே நாம்ப."

"வேணாம். வேற செய்யலாம்."

"ஏன், இதுக்கு இன்னா?" என்று விரலை முதல் வரியில் வைத்தாள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் தம்ளரிலிருந்து தாளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் வைத்தாள். வைத்ததை வாய்விட்டுச் சொன்னாள். மெஷின் அச்சிடுவதை அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள்.

"வயசு ஒண்ணு. எயுந்து நின்னுச்சி." அது கணக்கில் இல்லை. அவளாகச் சேர்த்தது. "வயசு ரெண்டு. உன்ன நைனான்னு கூப்டுச்சி. வயசு மூணு."

அங்கே நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்த தாளை எடுத்தாள்.

"வயசு நாலு."

"போதும்" என்றேன்.

"வயசு அஞ்சு. இஸ்கூல்ல சேக்கணும்."

"போதும்னு சொல்றேன் இல்ல!"

அவள் தலை நிமிரவே இல்லை. "போதும்னு இதுல எங்க எழுதி கீது? இருவது வந்தாதான் நிறுத்தச் சொல்லி கீது" என்றாள். "வயசு ஆறு. பல்லு வுயும்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பதிமூன்றில் பாவாடை தாவணி என்றாள். பதினாறில் உன் அக்கா ஊட்லர்ந்து பொண்ணு கேட்டு வருவாங்க, குடுக்கக் கூடாது, படிக்கட்டும் என்றாள். வெளியே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். பத்தொன்பது. இருபது. கடைசித் தாளை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப நிறுத்தலாம்" என்றாள்.

பிறகுதான் அழுதாள். சாவு நடந்த அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் அன்றுதான் வந்தது. பக்கத்துப் போர்ஷனில் கதவு திறந்து, திரும்ப மூடிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொன்னேரியிலியே எனக்குத் தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"பாப்பா பூட்சின்னு. வண்டி நின்னுக்கினு இருந்திச்சே, அப்பவே. நான்தான் முந்தானியால விசிறிக்கினே இருந்தேன். நீ எதுர்ல உக்காந்து எங்க ரெண்டு பேரையே பாத்துக்கினு இருந்த. சொன்னா அழுவியேன்னு... மெட்ராஸ் போறவரிக்கும் நீயாச்சும் நம்பிக்கினு இருக்கட்டும்னு. மீஞ்சூர்ல நீயே தொட்டுப் பாத்துட்ட."

அந்த இரண்டு ஸ்டேஷன் தூரத்தை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ தடவை கடந்திருந்தேன், என் துக்கத்தை மட்டும் நினைத்துக்கொண்டு. அவள் அந்தத் தூரம் முழுக்க உயிரில்லாத பிள்ளைக்கு விசிறிக்கொண்டு, எனக்காக முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் பாப்பாவைப் பற்றியே பேசினோம். கருவாட்டை எடுத்துக்கொண்டு பூனைக்கு ஊட்டப் போனது, மழைக்குப் பயந்து என் சட்டைக்குள் புகுந்துகொண்டது, எல்லாம்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்.

படிப்பு முடியும் தறுவாயில் ஒவ்வொருவரும் ஒரு புரோகிராமை மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். குளிரூட்டிய அறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மெஷின் பீரோ பீரோவாக நின்றது. நான் ஓவர்டைம் கணக்கைத்தான் கொடுத்தேன், வயதுக் கணக்கை இல்லை. அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த வாரம் போனால் பக்கம் பக்கமாகத் தவறுகள் அச்சாகி வந்திருந்தன. ஒரே ஒரு வரியின் முடிவில் புள்ளி விட்டுப்போயிருந்தது.

"ஒரு புள்ளிக்கா இத்தினி பேஜாரு?" என்றாள் வீட்டில்.

"ஆமா."

"நான் மெஷினா இருந்தப்போ புள்ளி இல்லேன்னாலும் செஞ்சேனே."

திருத்திக் கொடுத்தேன். ஓடியது. அச்சான தாளை அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "பாப்பாவோட கணக்க குடுக்கலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சி. அத்த யாரோ மெஷின் செய்ய வேணாம்" என்றாள்.

மழைக்காலத்துக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. மெட்ராஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை, தங்க அங்கேயே இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளிடம் சொன்னேன்.

"நான் வரல."

"ஏன்?"

"பாப்பா இங்க கீது. நான் எப்படி வர்றது?"

ஏரிக்கரையில் எந்த இடம் என்றுகூட இப்போது தெரியாது. மழையில் மண் கரைந்து புல் மூடியிருந்தது. இருந்தாலும் அவள் சொன்னது நியாயமாகவே எனக்குப் பட்டது. வற்புறுத்தவில்லை. நான் தினமும் ரயிலில் போய் வந்தேன். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அவள் பழவேற்காட்டுப் பக்கம் தன் தாய் வீட்டுக்குப் போனாள், பாப்பா இருக்கும் ஏரிக்கரைக்கு அங்கிருந்து வந்துபோகும் தூரம்தான். கொஞ்ச நாளைக்கு என்றுதான் போனாள். பொங்கல் ஆயிற்று, பங்குனி ஆயிற்று. நான் போகும்போதெல்லாம் வலைக்கு வந்த இறாலை ஆய்ந்துகொண்டு, "அடுத்த வாட்டி வரேன்" என்பாள். இனி திரும்ப மாட்டாள் என்றே நினைத்துக்கொண்டேன். அவள்மேல் கோபம் இல்லை. இரண்டு வேளை சமைத்து, ஒரு வேளை சாப்பிட்டு, மிச்சத்தைக் கொட்டினேன்.

சித்திரையில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம், கதவு தட்டும் சத்தம். துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"மெட்ராசுக்கே போய்டலாம் மாமா" என்றாள், உள்ளே வருவதற்கு முன்பே.

"இன்னா ஆச்சி? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் ஆச்சி. அங்க யாரும் அவ பேரையே எடுக்க மாட்றாங்க. நான் எடுத்தா எயுந்து போய்டறாங்க. அம்மா கண்ண தொடச்சிக்கினு வேற பேச்சி பேசுது." மூட்டையைக் கீழே வைத்தாள். "உன்னாண்டதான் சொல்ல முடியுது. நீ எங்க கீறியோ அங்க இருக்கேன்."

அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

மெட்ராசில் வடக்கே ஒரு சந்தில் ஒற்றை அறை கிடைத்தது. நான் கம்ப்யூட்டர் பிரிவிலேயே இருந்தேன். நன்றாகவே வேலை செய்தேன் என்று சொல்வார்கள். அவளுக்கும் ஒரு வேலை கிடைக்குமா, அட்டையில் ஓட்டை போடும் மெஷினில் உட்காரவைப்பார்களா என்று விசாரித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. இல்லாமல் முடியாது என்றார்கள். அவளிடம் சொன்னபோது "சரி, வுடு" என்றாள். ஆனால் அன்று முழுவதும் முகம் சரியாக இல்லை. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

குடிபோன முதல் வாரம் எதிர்வீட்டுப் பெண்மணி தண்ணீர்க் குழாயடியில் அவளை விசாரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை குழந்தை. நான் உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தியை அப்படியே நிறுத்தினேன்.

"ஒரு பொண்ணு" என்றாள் அவள். குரலில் தடுமாற்றம் இல்லை. "மூணு வயசுல தவறிப்போச்சி. ரொம்ப வாயாடி."

அந்தப் பெண்மணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அய்யய்யோ, கொயந்த பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

அவள் பெயரைச் சொன்னாள்.